பரவை பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார்

துளசிராம் அண்ணன் காலமான சேதி போன வாரம் காலையில் வந்தது. வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மகன் போனைக் கொண்டுவந்து காதில் வைத்தான். பேசியவர் அண்ணனின் மருமகன். "மாமா தூக்கத்துலயே போயிட்டாங்க. அத்தை உங்களை உடனே வரச் சொன்னாங்க" என்றார். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, "வாரேன்" என்றேன். அவருக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. இரண்டு பேரில் யார் சேதி யாருக்கு முதலில் வரும் என்கிற காலம்தான்.

சாயப்பட்டறைக்காரர்கள் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு நானும் சொல்ல வேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அண்ணனைத் தெரிந்தவர்கள் சாயத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய கார்தான்.

ஆரப்பாளையத்திலிருந்து பரவைக்குப் போகும் சாலையில் நான் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்தேன். ஒச்சு பட்டறை என்றால் எல்லோருக்கும் தெரியும். லாரிக்கும் காருக்கும் பட்டை ஸ்பிரிங்கை அடித்து வளைத்துக் கொடுப்பது என் தொழில். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. நாலு கதவு, பழைய வண்டி, ஆனால் கண்ணாடி மாதிரித் துடைத்திருந்தது. இறங்கியவர் கனத்த ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கை மட்டும் மணிக்கட்டு வரை சிவப்பு. பட்டறையில் சம்மட்டி அடிக்கும் பாண்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இந்தக் கையிலயா சோறு திம்பீக?"

"நேத்து பச்சைக் கையில தின்னேன். இன்னைக்கு செவப்பு. நாளைக்கு என்ன கலருன்னு பட்டறையில கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் அவர்.

சௌராஷ்டிரக் குடும்பம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறை அவருடையது. அவருடைய மனைவி லீலாவதி மதினி முடிச்சுப் போடுவார். துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. வேறு ஆள் கட்டிய முடிச்சை மதினி கட்டியதாகச் சொல்லி ஏமாற்ற முடியாது, அப்படி ஒரு கட்டு. வீட்டில் இருவரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். எங்களிடம் பேசும்போது சுத்த மதுரைத் தமிழ்.

பிறகு அந்த விபத்து நடந்தது. கீழக்குயில்குடிக்குப் போகும் வழியில் கண்மாய்க்கரை மேல் ஒரு வளைவு உண்டு. ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். மதினி "மெதுவாப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் "போறேன், போறேன்" என்று சொல்லிக்கொண்டே திருப்பியிருக்கிறார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கரை மண் சரிந்தது, வயலுக்குள் படுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. மதினிக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. அந்த வருஷம் முழுக்க அவரால் முடிச்சுப் போட முடியவில்லை.

தோள் சேர்ந்த பிறகும் மதினி காரில் ஏறவில்லை. காரைக் குறை சொல்லவில்லை, அண்ணனையும் குறை சொல்லவில்லை. "நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார், அவ்வளவுதான். பரவையில் அவருடைய அக்கா வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவார். அண்ணன் என்ன செய்தார் என்றால், காரை எடுத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார்.

இதை நான் கண்ணால் பார்த்தவன். பட்டறை வாசலைத் தாண்டிப் பஸ் போகும். கடைசி சீட்டில் மதினி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பின்னாலேயே கறுப்புக் கார், உள்ளே அண்ணன் மட்டும். பஸ் நின்றால் காரும் நிற்கும். சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே மாதிரிதான். சாலையில் எல்லோருக்கும் சிரிப்பு. பாண்டி ஒரு தடவை கத்தினான்.

"அண்ணே, பஸ்ஸுக்குக் காவலா போறீக?"

"ஆமாடா. டிரைவரு தூங்கிட்டா நான்தான ஓட்டணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒரு நாள் திரும்பும்போது காரைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு இறங்கி வந்தார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"ஒச்சு, இந்த வண்டி சாயக் கூடாது. கீழ தாழ்த்திரு. டயரையும் அகலமாப் போட்டுருவோம். தரையோட ஒட்டிப் போகணும்."

"எம்புட்டுண்ணே தாழ்த்தணும்?"

"அவ ஏறி உக்காரணும். அம்புட்டு."

தாழ்த்துவது பெரிய காரியம் இல்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் வளைவைத் தட்டிக் குறைத்தேன். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் குட்டையான சுருள் தேடிப் போட்டோம். ஒரு வேனிலிருந்து கழற்றிய அகல டயர் நாலும் அண்ணனே கொண்டுவந்தார். அதற்குத் தகுந்தபடி ரிம்மை லேத்துப் பட்டறையில் அகலப்படுத்தினோம். வம்பு எங்கே இருக்கிறது என்றால், டயர் உள்ளே தள்ளி நின்றால் ஸ்பிரிங்கில் இடிக்கும், வெளியே தள்ளி நின்றால் மட்கார்டு விளிம்பில் உரசும். வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஓடும்போது எங்கே உரசுகிறது என்று யார் போய்ப் பார்ப்பது?

அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். சாயத்தைக் கஞ்சியில் குழைத்து டயரின் ஓரத்தில் பூசினார். ஓட்டிவிட்டு வந்து மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவினால் போதும். உரசிய இடத்தில் சாயம் ஒட்டியிருக்கும். தன் சாயப்பட்டறையில் இருந்த நூல் மூட்டைகளை நிறுத்துப் பார்த்து, ஆட்களின் எடைக்குச் சமமாகக் காருக்குள் ஏற்றினார். வளைவில் ஓட்டினோம், மேட்டில் ஓட்டினோம், பள்ளத்தில் இறக்கினோம். மட்கார்டுக்குள் ஒரு பொட்டுச் சாயம் இல்லை. அண்ணன் என் முதுகில் தட்டினார். சட்டையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தது.

வெள்ளிக்கிழமை மதினி காரில் ஏறினார். தனியாக இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் யாரும் தனியாகக் காரில் போனதாக எனக்கு நினைவில்லை. நாத்தனார் இருவர், ஓரகத்தி ஒருவர், மடியில் பித்தளைக் குடம், எல்லோரும் பின் சீட்டிலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். பட்டறையைத் தாண்டும்போது அண்ணன் எனக்குக் கை காட்டினார். பரவைக்கு முன்னால் ஒரு திருப்பம். பெண்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். மதினி இருந்த பக்கத்தில், சீட்டுக்கு அடியில், 'கர்ர்ர்' என்று சத்தம்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். மதினி இறங்கி நின்றார். பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி ஏறிப் போய்விட்டார். அண்ணன் மிச்சப் பெண்களை வைத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் போனார்.

அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கார் பக்கத்தில் ரப்பர் கருகிய வாடை. உட்கார்ந்தபடியே மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு சொன்னார்:

"மூட்டை வச்சது தப்பு ஒச்சு. மூட்டை வச்ச எடத்துல கெடக்கும். மனுசன் சாய்வான்."

"எடை சரியாத்தானண்ணே இருந்துச்சு?"

"எடைதான் இருந்துச்சு. நான் சாயப்பட்டறைக்காரன். மூட்டையைத்தான் எனக்கு நிறுக்கத் தெரியும்."

மறுபடி வேலையை ஆரம்பித்தோம். பின்பக்கம் எடுத்துவிட்ட வளைவில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுத்தேன். அச்சுக்கு மேலே இடி தாங்கும் ரப்பர் கட்டையை உயரமாகப் போட்டேன். அதற்கு மேல் வண்டி இறங்காது. மட்கார்டு விளிம்பை மரக்கட்டை கொடுத்துத் தட்டி உள்பக்கமாக மடித்தேன். அண்ணன் இந்தத் தடவை மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை. சாயப்பட்டறையில் யாரெல்லாம் கனமோ அவர்களைக் கூட்டி வந்தார். பாண்டியையும் ஏறச் சொன்னார்.

"நான் ஒல்லிண்ணே."

"வாயி இருக்குல்ல, ஏறு."

கூடவே மதினியும் வந்திருந்தார். காரில் இல்லை, பஸ்ஸில். கையில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தார். குனிந்து மட்கார்டின் உள்விளிம்பில் அந்தத் துணியைச் சுற்றித் தைத்த மாதிரி நூலால் கட்டினார். அவருடைய கட்டு. இடையில் யாரும் அவிழ்த்துத் துடைத்துவிட்டுத் திரும்பக் கட்ட முடியாது. அண்ணனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"துணியில ஒட்டலேன்னா ஏறுறாளாம்."

சிவப்புச் சாயத்தைக் குழைத்து டயரில் பூசிவிட்டு, வண்டி படுத்த அதே கண்மாய்க்கரைக்குப் போனோம். வளைவு வந்ததும் அண்ணன், "சாயுங்கடா எல்லாரும்!" என்று கத்தினார். அத்தனை கனத்த ஆட்களும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பாண்டி அடியில் மாட்டிக்கொண்டு ஊரையே கூப்பிட்டான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவன் சத்தத்தைத் தவிர.

திரும்பி வந்ததும் மதினி நூலை அறுத்துத் துணியை எடுத்தார். சேலையைப் பார்ப்பது போல வெயிலுக்கு எதிராகப் பிடித்தார். துணி வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் மிளகளவு சிவப்பு.

நாங்கள் எல்லோரும் மதினியின் முகத்தைப் பார்த்தோம். அவர் அந்தப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஒத்தப் புள்ளிதான? பரவால்ல, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவில் கை வைத்தார்.

அண்ணன் கதவைத் திறக்கவில்லை. இத்தனை மாதம் பஸ்ஸுக்குப் பின்னால் போனவர், ஏறுகிறேன் என்று மதினியே வந்து நிற்கும்போது குறுக்கே நின்றார்.

"வேணாம். இன்னொரு தடவை பாத்துருவோம்."

"ஏறுறேங்கறேன்ல?"

"அன்னைக்கு மெதுவாப் போங்கன்னு சொன்ன. நான் கேக்கல. இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேளு. பஸ்ஸுல போ."

மதினி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து பஸ்ஸுக்கு நின்றார்.

புள்ளி விழுந்த இடத்தை நான் இன்னும் தட்டி மடித்தேன். மறுநாள் அதே ஆட்கள், அதே வளைவு, புதுத் துணி. இந்தத் தடவை துணியில் ஒன்றும் இல்லை. மதினி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய எடுங்க" என்றார்.

கார் பரவைப் பக்கம் போனது. பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "என்னக்கா, இன்னைக்கு நம்ம வண்டி கசந்து போச்சா?" என்று கேட்டார். மதினி சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

எண்பதுகளின் கடைசி வரை அந்தக் கார் ஓடியது. பின்னாளில் அண்ணன் பட்டறையைப் பெரிதாக்கினார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார், வீடு மாறினார். பட்டறையில் ஒரு நிறம் சரியாக வந்திருந்தாலும் "இன்னொரு தடவை பாத்துருவோம்" என்பாராம். ஆட்களுக்கு எரிச்சல் வரும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணனை மயானத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். மாலை, ஊதுபத்தி எல்லாம் இருந்தது. உறவுக்காரர்களும் பட்டறை ஆட்களும் பின்னால் நெருக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இம்புட்டுப் பேரு ஏறுறாங்களே. உரசுமா பாருங்க."

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டேன். நாலு விரல் தாராளமாகப் போனது. அங்கிருந்தே, "எல்லாரும் இந்தப் பக்கம் சாயுங்கய்யா" என்றேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழைய பட்டறை ஆள் ஒருவர்தான் முதலில் சாய்ந்தார். பிறகு எல்லோரும் சாய்ந்தார்கள். அப்போதும் விரல் போனது.

எழுந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "இருப்பா, இன்னொரு தடவை பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"உரசல மதினி."

"அப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றார் மதினி.

வண்டி தெருக்கோடியில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மதினியும் நானும் காதைக் கொடுத்து நின்றோம். சத்தம் இல்லை. மெதுவாப் போங்க, அண்ணே.