பள்ளத்துத் துண்டும் பிரபஞ்ச மாறிலியும்

“பெயர்: பிரேமலதா. வயது: 52. தொழில்: இறப்பர் பால் வெட்டுதல். கல்வி: ஆறாம் வகுப்பு. பொழுதுபோக்கு: இல்லை. வெளியுலகத் தொடர்பு: மிகக் குறைவு.” தோட்ட நலன்புரிக்காக ஓர் இளம் உத்தியோகத்தர் வந்து நிரப்பிக்கொண்டு போன படிவம் இது. அவர் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பிரேமலதாவின் தலைத்துணிக்குள், இடது காதில், நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடிக்கொண்டிருந்தன.

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் அவருக்கு ஒதுக்கிய துண்டில் இருநூற்று நாற்பது மரம். காலை ஆறு மணிக்குக் கத்தியும் வாளியும் போனுமாக இறங்குவார். போனில் கேட்கும் விஞ்ஞான விரிவுரைகளை அவர் நிமிடத்தில் அளப்பதில்லை. “பெருவெடிப்பு நாப்பது மரங்க. கருந்துளை அறுபது. இந்த இருண்ட சக்திதான், எரநூறு வெட்டியும் முடியல.” தமிழில் கிடைப்பது பாதி வழியில் நின்றுவிட்டால் சிங்களத்தில் தொடர்வார். எழுபத்திரண்டாம் மரத்தின் பட்டையில் ஆழமான ஒரு தழும்பு இருக்கிறது. விரிகிற பிரபஞ்சம் வேகத்தையும் கூட்டிக்கொண்டே போகிறது என்பதை அவர் முதன்முதலில் கேட்ட இடம் அது. மரத்தைக் காயப்படுத்தியதற்காகக் கங்காணி அன்று ஏசினார். கொழும்புக்குப் பிரேமலதா வாழ்நாளில் மூன்று தடவைதான் போயிருக்கிறார். மூன்று தடவையும் வழியில், அவிசாவளைக்கு முன்பே வாந்தி.

பிரபஞ்ச மாறிலியைப் பற்றிக் கேட்டால் வாளியைக் கீழே வைத்துவிடுவார். “பிரபஞ்சம் அசையாம நிக்குதுன்னு நெனச்ச காலத்துல, அது தனக்குள்ளேயே விழுந்துறாம முட்டுக்குடுக்கக் கணக்குல ஒரு எண்ணச் சேத்தாங்க. அப்புறம் பாத்தா அது விரிஞ்சுகிட்டு இருக்கு. வெக்கப்பட்டு எடுத்தாங்க. அறுபது எழுபது வருஷம் கழிச்சு, வேகம் கூடுதுன்னு தெரிஞ்சதும் அதே எண்ணத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டுட்டாங்க.” யாரோ சொந்தக்காரர் வீட்டுச் சம்பந்தம் முறிந்து கூடிய கதைபோலச் சொல்வார்.

பால் ஸ்டோரில் மெட்ரோலக் என்றொரு கண்ணாடிக் குழாய் உண்டு. பாலில் மிதக்கவிட்டால் அதன் கெட்டியைச் சொல்லும். தண்ணீர் கலந்தவரைக் காட்டியும் கொடுக்கும். பிரேமலதாவின் உதாரணம் அங்கிருந்துதான். “வாளி பெரிசாகிகிட்டே போகுது. ஆனா பால் தண்ணியாகல. எப்ப மெட்ரோலக் போட்டாலும் அதே அளவு. அதுதான் மாறிலி.”

இதை ஏற்காத ஒரே மனிதர் கன்னையா. மலைத்துண்டில் பால் வெட்டுபவர். வயது ஐம்பத்தெட்டு, வலது முட்டி அதற்கும் மூத்தது. மலைத்துண்டு என்றால் வழுக்குப் பாறை, அட்டைக்கடி, வாளியோடு இறங்க முந்நூறு படி. பிரேமலதாவுடையது பள்ளத்துத் துண்டு: ரோட்டோரம், சமதரை.

“இழுத்தா மெலியாத ரப்பர் எந்தத் தோட்டத்துல இருக்கு, தங்கச்சி?” என்பார் கன்னையா. “பிரபஞ்சத்த இழுத்தாலும் அப்படித்தான். ஒங்க மாறிலியும் மெலியும்.”

“அண்ணே, அது ரப்பர் இல்ல.”

“பின்ன எதுக்கு மெட்ரோலக் போடுறீங்க?”

ஐந்து வருடங்களுக்கு முன், மழையால் பால்வெட்டு நின்ற ஒரு நாள், இந்த வாய்ச்சண்டை முற்றியது. “மாறிலி மாறிச்சின்னா என் துண்ட எடுத்துக்கங்க. நான் மலைக்குப் போறேன்” என்றார் பிரேமலதா. யார் எந்தத் துண்டை வெட்டினாலும் பால் வந்தால் சரி என்றார் கங்காணி. ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர் சுதாகரன் கதவின் உட்பக்கத்தில் வெண்கட்டியால் எழுதினார்: மாறிலி மாறாது – பிரேமலதா.

போன வருடம் செய்தி வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரக் கூட்டங்களை அளந்த ஒரு குழு, இருண்ட சக்தி காலப்போக்கில் தளர்வதுபோலத் தெரிகிறது என்றது. கன்னையாவுக்கு அதைக் காட்டியதே பிரேமலதாதான். காட்டியிராவிட்டால் அவருக்குத் தெரியவே வந்திராது.

“அப்ப நாளைக்கே மாறிக்குவோம்” என்றார் கன்னையா.

“அவசரப்படாதீங்க. நிச்சயத்தை அளக்க சிக்மான்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு வந்தாத்தான் ஒத்துக்குவாங்க. இது நாலுகிட்டதான் நிக்குது.”

“அஞ்சு வர்றதுக்குள்ள எம் முட்டி போயிரும், தங்கச்சி.”

சுதாகரன் நடுவரானார். போனில் செய்தியை இரண்டு தடவை படித்தார். “சரி. இவங்களே ‘இன்னும் உறுதியில்லை’ன்னுதான் போட்டிருக்காங்க. பந்தயத்துல அக்காதான் ஜெயிச்சு நிக்கிறாங்க. கன்னையா, நீங்க மலைக்கே போங்க.”

பிரேமலதாவின் முகம் வென்ற முகமாகத் தெரியவில்லை. தோற்பதைக்கூடப் பிரேமலதா பொறுத்துக்கொண்டிருப்பார். கன்னையாவிடம், அவர் சொல்லும் இந்தத் தப்பான காரணத்துக்காகத் தோற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்கப் பால் அளக்கும் வரிசையில் நின்று அவருக்குப் பாடம் எடுத்தார். “மாறினாலும் நீங்க சொன்னதுனால மாறல. இழுபட்டு மெலியுறது வேற, தானாத் தளர்றது வேற. வெளங்குதா?”

“வெளங்குது.”

“என்ன வெளங்குது?”

“ஒங்க துண்டுல அட்டை இல்லன்னு வெளங்குது.”

வரிசை சிரித்தது. பிரேமலதா சிரிக்கவில்லை. சனிக்கிழமை சுதாகரன், முடிந்த கதைதானே என்று கதவில் எழுதியதை அழிக்க ஈரத்துணி எடுத்தார். “அழிக்காதீங்கய்யா. இன்னும் ஒண்ணும் நிரூபிக்கல” என்று பிரேமலதா தடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிரேமலதா, பள்ளத்துத் துண்டைக் கன்னையாவின் முட்டிக்கு விட்டுவிட்டு, முந்நூறு படியும் ஏறி, மலைத்துண்டின் மரங்கள் அத்தனையையும் வெட்டினார்.