தூங்கத் தெரியாத சர்வரும் தூங்கவைக்கப் போன நானும்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர் இருந்தால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள், என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஹைடெக் சிட்டியைச் சுற்றிப் பாறைகளை உடைத்துக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் கார்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். கார்டு ஒரு பாஷை பேசும், விண்டோஸ் ஒரு பாஷை பேசும். நடுவில் நின்று இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நடத்திவைக்கிற சின்ன புரோகிராம்தான் டிரைவர். வேலை சின்னது, கர்வம் பெரியது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டால்கூட இதைத்தான் முதலில் சொல்வேன்.

என் மனைவி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, செகந்தராபாத் சைனிக்புரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு தொழில் தொடங்கியிருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வது காலையில் எங்களுக்கு வந்து சேரும். நான்கு பெண்கள் அதைக் கேட்டுக் கேட்டு டைப் செய்வார்கள். அந்த ஊரில் பொழுது விடிவதற்குள், அதாவது நமக்குச் சாயங்காலத்துக்குள், எல்லாம் திரும்பிப் போயாக வேண்டும். அத்தனையும் மூலையில் இருந்த ஒரு சர்வரில் சேமிக்கப்பட்டது. "சிஸ்டத்தை நான் பாத்துக்கிடுதேன், நீ டைப்பிங்கை மட்டும் பாரு" என்று திறப்புவிழா அன்றே அறிவித்திருந்தேன். சர்வரில் செருகியிருந்த நெட்வொர்க் கார்டு எங்கள் கம்பெனியுடையது. டிரைவர் சாட்சாத் என்னுடையது.

கோடை வந்தது, கூடவே கரண்ட் கட்டும் வந்தது. யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். வேறு யாராக இருந்தாலும் சர்வரை ஷட் டவுன் செய்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாகவே நினைவில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும். இதற்கு ஹைபர்நேஷன் என்று பெயர் என்று அந்த நான்கு பெண்களையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். கரடி பனிக்காலத்தில் தூங்குவதை எல்லாம் சொன்னேன். அவர்களில் மூத்தவர் செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த, ஸ்டெனோ வேலையில் ஓய்வுபெற்ற ஒரு அம்மா. அவர் மட்டும் மரியாதைக்கு, ஆமாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் சொல்லும் "ஹவ்" என்று தலையாட்டினார்.

கரடி தூங்கவில்லை. தூங்கத் தயாராகிறேன் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு, அப்படியே உறைந்து நின்றது. கீபோர்டைத் தட்டினாலும் அசையவில்லை. யுபிஎஸ் கடைசிச் சொட்டு வரைக்கும் தீர்ந்து, சர்வர் பொத்தென்று அணைந்தது. மறுபடி போட்டபோது காலையில் டைப் செய்ததில் பாதி பாழாகியிருந்தது. பெண்கள் முதலிலிருந்து டைப் செய்தார்கள். மறுநாளும் அதே கதை, அடுத்த வாரமும் அதே கதை. அமெரிக்காவிலிருந்து மிகவும் பணிவான ஒரு மெயில் வந்தது. இன்னும் ஒருமுறை தாமதமானால் வேலையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று அதில் இருந்தது. என் மனைவி அதைப் பிரிண்ட் எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தொழில் போனால் அந்த நான்கு பேருக்கும் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவள் கவலை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் குற்றம் சாட்டாத ஆள் இல்லை. முதலில் மின்வாரியம், அப்புறம் யுபிஎஸ் பேட்டரி, அப்புறம் மெமரி. நிலைமின்சாரம் பாய்கிறது என்று சொல்லி எல்லாரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றவைத்தேன். விண்டோஸை அழித்துவிட்டு இரண்டு முறை புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக, பயபக்தியோடு, என் டிரைவரை ஏற்றினேன்.

ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே மெயினை அணைத்து ஒரு பரீட்சை வைத்தேன். வழக்கம்போல் சர்வர் உறைந்தது. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் என் மனைவி குறுக்கிட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாச்சு. அந்த ஒண்ணை மட்டும் ஏன் தொட மாட்டேங்கீங்க?"

"எதை?"

"உங்க கார்டை."

"அதுல ஒண்ணும் இருக்காது. அது நான் எழுதினது."

"அதான் கேக்குதேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் வாயை அடைப்பதற்காகவே திருப்புளியை எடுத்துக் கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். சர்வரை மறுபடி கிளப்பி, மறுபடி மெயினை அணைத்தேன். பேட்டரி இறங்கும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரை கறுத்தது, விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. தாய்ப்பால் குடித்த குழந்தைபோல் சர்வர் தூங்கிப்போனது. மெயினைப் போட்டு எழுப்பப் போன என்னை ஸ்டெனோ அம்மா தடுத்தார்.

"நக்கோ தம்பி, வேண்டாம். பாவம், ரொம்ப நாள் கழிச்சித் தூங்குது. கொஞ்சம் விடுங்கோ."

கார்டு இல்லாமல் சர்வரால் ஒரு பயனும் இல்லை. அன்று மத்தியானமே என் மனைவி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பாரடைஸ் பக்கம் போய், கடைக்காரரிடம் எது அதிகம் விற்கிறது என்று கேட்டு, அதை வாங்கிவந்தாள். தொழில்நுட்பம் தெரிந்த யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தக் கார்டைப் போட்ட பிறகு சர்வர் கரண்ட் போனால் தூங்கியது, வந்தால் எழுந்தது.

இத்துடன் என் மானம் முழுவதும் போய்விடவில்லை. மிச்சம் திங்கட்கிழமை ஆபீசில் போனது. எங்கள் கார்டுகளைச் சோதிக்கும் பெண் ஒருத்தி, விஜயவாடாக்காரி, சில மாதங்களுக்கு முன்பே இதே கோளாறைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். சர்வர் எதற்காகத் தூங்க வேண்டும், நிஜ உலகில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று பதில் எழுதி அதை மூடியவன் நான்தான். எங்கள் சோதனைக்கூடத்துக்கு ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போவதே அங்கே தெரியாது. அந்தப் புகாரை மறுபடி திறக்க வேண்டும் என்று அவளிடம் போய் நின்றேன். மூடியதைத் திறக்க வேண்டுமானால் யாராவது வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி.

"கஸ்டமர் எவரு சார்?" என்றாள்.

"சைனிக்புரியில ஒருத்தங்க" என்றேன்.

"ரொம்ப சீரியஸா?"

"ரொம்ப."

அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். சிரித்திருந்தால் தேவலை.

தப்பு இவ்வளவுதான். தூங்கப் போகும்முன் என் டிரைவர் கார்டைப் பார்த்து, வேலையை நிறுத்து என்று சொல்லிவிட்டு, நிறுத்திவிட்டேன் என்று அது பதில் சொல்லும்வரை காத்திருக்கும். கார்டு சில சமயம் அதற்கு முன்பே கடையைச் சாத்தியிருக்கும். பதில் வராது. என் டிரைவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கும், அதன் பின்னால் மொத்த சர்வரும் நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்து போ என்று நாலு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. அன்றைக்கே ஒரு சிடியில் ஏற்றி, ஸ்வீட் வாங்கிவருகிறவன் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இப்ப நம்ம கார்டையே திருப்பிப் போட்டுக்கிடலாம்."

"நக்கோ" என்றாள். அவள் சைனிக்புரியில் வளர்ந்தவள். முடிவாகச் சொல்ல வேண்டியதை மட்டும் அந்த ஊர் உருதுவில் சொல்வாள். "ஓடுறது ஓடட்டும். அதை நீங்க ஆபீசுலேயே வச்சுக்கிடுங்க."

அந்த டிரைவர் தேசமெல்லாம் போய் எத்தனையோ சர்வர்களில் ஏறியது. என் வீட்டு முன்னறைக்குள் மட்டும் போகவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கே வருத்தப்படக் கூடாதோ அங்கே வருத்தப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அடுத்த மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் பெண்மணி பேசினார். நான்கு பெண்களும் டைப் செய்வதை நிறுத்திவிட்டு என் மனைவி முகத்தையே பார்த்தார்கள். நான் அடுப்படியில் டீக்குப் பால் காய்ச்சியபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முன்பு அத்தனை கோளாறு வந்ததே, இனிமேல் வராது என்று என்ன நிச்சயம் என்று அந்தம்மா கேட்டிருக்க வேண்டும். கார்டு, டிரைவர், ஹைபர்நேஷன் எல்லாவற்றையும் போய் விளக்கிவிடலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அதற்குள் என் மனைவி நிதானமாக, ஒரு சொல் தடுக்காத ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எங்கள் சிஸ்டத்தை இதுவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், போன மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டோம் என்றாள்.

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அவள் மூன்று முறை நன்றி சொன்னாள். போனை வைத்ததும் ஸ்டெனோ அம்மா சிலுவை போட்டுக்கொண்டார், ஒரு பெண் அழுதேவிட்டாள். என் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷத்துக்குக் குடுத்துட்டாங்க" என்றாள். "டீ ஆயிட்டா?"

வேலையை விட்டு நீக்கப்பட்டதில் ஒரு மனிதனுக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது. டீயை வடிகட்டி ஆறு டம்ளர்களில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.