நிலை வைக்காத வீடு

என் வீட்டுக்காரர் இரண்டு அடுப்பு மேடை போட்டபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், பிள்ளை இல்லை. சோறாக்க ஓர் அடுப்பு போதாதா?

“மழக் காலத்துக்கு ஒண்ணு இருக்கட்டும் புள்ள” என்றார்.

மலாயாவில், அதுவும் கிள்ளானில், எந்த மாதம் மழை இல்லாத மாதம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அவர் ரயில் பாதையில் வேலை பார்த்தார். ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். மேரு சாலைக்கு உள்ளே ஒரு மலாய்க்காரர் தன் தென்னந்தோப்பு ஓரத்தில் வீடு போட்டுக்கொள்ள இடம் விட்டார். சுற்றியிருந்த கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், எல்லாம் மரக்கால்மேல் நிற்கும் பலகை வீடுகள். இவருக்கோ மண் சுவர்தான் வேண்டும். அவருடைய ஊரில் சுவரை எழுப்பிவிட்டுத்தான் கூரை போடுவார்களாம். இங்கே அப்படிச் செய்தால் மதியம் வைத்த சுவர் சாயங்காலம் சேறாக ஓடிவிடும். அதனால் கம்பு நட்டு, முதலில் அத்தாப்பு ஓலைக் கூரையைத் தாழ்வாக இறக்கினார். பிறகு அதற்கடியில் சுவர். வைக்கோலுக்குப் பதிலாக லாலான் புல்லை நறுக்கிப் போட்டு நான் மண் மிதிப்பேன், அவர் உருட்டி உருட்டி அடுக்குவார். ஒரு முழம் ஏறியதும் நிறுத்திக் காயவிட வேண்டும். பதினைந்து நாள் கழித்தும் விரலை வைத்தால் பள்ளம் விழுந்தது.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது, புரட்டாசி மாதம், அவருக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் எல்லாம் அண்ணன் போடுவது என்பார், படித்துவிட்டுத் தகரப் பெட்டியில் வைப்பார். பெட்டியில் ஒன்பது இருந்தன. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தக் கடிதம் மட்டும் பெட்டிக்கு வரவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு இரண்டு தடவை கொட்டிப் பார்த்தேன். அதே ஒன்பதுதான்.

அடுத்த நாள் மண்வெட்டியால் ஓர் அடுப்பு மேடையை உடைத்துத் தள்ளினார். ஏன் என்று கேட்டதற்கு, “ஒண்ணு போதும்” என்றார்.

 லயத்தில் பாதி ஆண்களுக்கு ஊரில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். சிலர் கேட்டால் சொல்வார்கள், சிலர் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். அண்ணனைத் தவிர ஊரில் தனக்கு யாருமில்லை என்று சொல்லித்தான் இவர் எனக்குத் தாலி கட்டினார். நான் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். இவர் போ என்றால் போவதற்கு எனக்கு ஒரு வாசல் கிடையாது. இரண்டு அடுப்பு இருந்தபோது, ஊரிலிருந்து ஒருத்தி வரப் போகிறாள் என்று நினைத்தேன். ஒன்றானதும், அந்த ஒன்று எனக்கில்லை என்று நினைத்தேன்.

தீபாவளி வந்தது. “எண்ணெய்ச் சட்டி வைக்காத” என்றார். கோயிலுக்குக் கூப்பிட்டால் உடம்புக்கு முடியவில்லையாம். மண் சுமக்க மட்டும் முடிந்தது. யாருக்கோ கப்பல் கட்டணம் சேர்க்கிறார், அதனால்தான் பண்டிகைகூட வேண்டாம் என்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் அந்த நிலை. சீன ஆசாரி ஒருவர் செங்கால் மரத்தில் வாசல் நிலை செய்து கொண்டுவந்து இறக்கினார். சுவர் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. நிலையை நிறுத்தினால்தான் மேலே போக முடியும். இவரோ அதன்மேல் சாக்கைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டார்.

“எப்பங்க நெல வைக்கிறது?”

“நாள் சரியில்ல. அடுத்த பொரட்டாசி போவட்டும்.”

முக்கால் வருஷத்துக்கு ஒரு நல்ல நாள்கூட இல்லையா? நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் முடிந்த மஞ்சள் துணியைக் கட்டுவது வீட்டுக்காரியின் வேலை. யார் கை அதைச் செய்கிறதோ அவள் வீடுதான் அது. அந்தக் கை கப்பலில் வருகிறது, அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. காலை முழுக்க மண்ணை மிதித்துக்கொண்டே அவளைத் திட்டுவேன். என் கால் வெடித்துப் புண்ணானதுதான் மிச்சம்.

ஒரு நாள் அவர் வேலைக்குப் போனதும் ஆசாரியைக் கூட்டிவந்தேன். நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. மஞ்சள் பூசினேன், குங்குமம் வைத்தேன், துணியைக் கட்டினேன். ஆசாரி நிலையை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார். இரண்டு பக்கமும் நானே மண்ணை அப்பி இறுக்கினேன்.

மதியம் அவர் வந்தார். நிலையைப் பார்த்தார். கத்துவார் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் மண் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன புள்ள பண்ணி வச்சிருக்க?”

“வரட்டும். அவ வந்தா, நான் வச்ச மஞ்சளப் பாத்துட்டே உள்ள வரட்டும்.”

யாரென்று அவர் கேட்கவில்லை. “அவ வரமாட்டா. வாந்திபேதில செத்துட்டா” என்றார்.

சாவுச் செய்திக் கடிதத்தை வீட்டில் வைக்கமாட்டார்கள். படித்ததும் கிழித்து ஆற்றில் விட்டிருக்கிறார். சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை, கோயில் இல்லை, நிலை வைக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். சந்தேகப் பேய் பிடித்தவளுக்கு எங்கே நினைவு வரும்?

“பன்னண்டு வருஷமாக் காத்திருந்தா. வீடு கட்டிட்டுக் கூப்புடறேன்னு சொல்லியிருந்தேன். அவளுக்குன்னுதான் இத ஆரம்பிச்சேன். உன்னையும் விட மனசு வரல. அதான் ரெண்டு அடுப்பு.”

“எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?”

“கப்பல் வந்ததும்.”

செத்துவிட்டாள் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பொய் சொல்லமாட்டேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, வெட்கம் அதற்கும் பிறகு. அந்த மனிதர் எங்கே போகிறேன் என்று சொன்னாலும் அன்றிலிருந்து நான் பாதிதான் நம்பினேன். அவள் பன்னிரண்டு வருஷம் முழுசாக நம்பியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் நிலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். புரட்டாசி முடியும்வரை நானும் கோயிலுக்குப் போகவில்லை.