கரிக்கு மேல் வெட்டிய குறிகள்

அலவத்துகொடையில் எங்கள் தோட்டத்தின் நடுவே சரிந்து கிடந்த பழைய மரவீட்டை நான் ஒரு மாதம் துருவித் துருவிப் பார்த்தேன். சுவர் மண் கரைந்து, ஆறு பலாத் தூண்களும் நான்கு உத்தரங்களுமே மிச்சம். அரசர் காலத்திலிருந்தே இந்த வீடு இங்கே நின்றது என்று காட்டினால் தோட்டம் எங்களுக்கு, இல்லாவிட்டால் அரசாங்கத்துக்கு. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். வேறு யாரையும் கேட்காமல் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கும் இரும்பாணி இல்லை. எல்லாம் மர ஆணி. மூட்டுக்கு மூட்டு ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று உளியால் வெட்டிய குறிகள். எதையும் விடாமல் கொப்பியில் வரைந்தேன். அட்டை முதுகில் ஏறிக் கடித்ததுகூட அப்போது உறைக்கவில்லை.

காணி விசாரணைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாப்பா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க, நான் பாடம் ஒப்புவிப்பதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஒரு தூணைத் தடவினார்.

"இந்தக் கோடுகள் என்னத்துக்குத் தம்பி?"

"எந்தத் தூணுக்கு எந்த உத்தரம் என்டு தெரியத்தான் ஐயா. மாறிப் பூட்டாம ஈக்க."

"தூண் முழுக்கக் கரி. கோட்டுக்குள்ள மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

"கரி பிடிச்ச பொறகு வெட்டின, ஐயா. அதையும் எழுதி வெச்சீக்கிறேன்." பெருமையாகப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

"ஓம், வடிவா எழுதியிருக்கிறீர். அப்ப வேற எங்கையோ கனகாலம் புகை குடிச்ச வீட்டைக் கழட்டி, குறி போட்டு, இஞ்ச கொண்டுவந்தெல்லோ பூட்டியிருக்கினம்? இஞ்ச அடுப்பெரிச்சது கொஞ்சக் காலம்தான். இல்லாட்டிக் கோட்டுக்குள்ளயும் கரி ஏறியிருக்கும்."

மரம் பழையது, அதை இங்கே நட்டது பழையது அல்ல. ஒரு மாதமாக என் கண்ணெதிரே இருந்ததை அவர் ஒரு விரலால் தடவிச் சொல்லிவிட்டார். அவர் எழுத உட்கார்ந்ததும் வாப்பாவிடம் ஓடினேன்.

"இது எங்கேந்து வந்த?"

"தெல்தெனியேந்து. எங்கட வாப்பா மாட்டுக் கரத்தையில ஏத்திக்கொண்டு வந்த."

"அத ஏன் என்னட்ட செல்லல்ல?"

"நீ மரத்துக்கிட்டதானே ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு ஈந்த. என்னட்ட எங்க கேட்ட?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாப்பாமீதா என்மீதா என்று தெரியவில்லை. அதற்குள் அதிகாரி, எழுதி முடித்த வாக்குமூலத்தில் ஒப்பம் வைக்கக் கூப்பிட்டார். வழக்கம்போல வாப்பா பெருவிரலை நீட்டிக்கொண்டு முன்னே போனார்.

"உங்கட கைநாட்டு வேண்டாம். சொன்னது தம்பியெல்லோ, தம்பி வைக்கட்டும்."

வாப்பா விரலை மடக்கி, நகர்ந்து எனக்கு வழி விட்டார். பேனா முனை தாளைக் கிழிக்கும்படி அழுத்தி, என் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.