நம்பர் இல்லாத சட்டை

சலவைக் கூடத்தில் அவளைக் கறையக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கிற வேலை ஒன்றே ஒன்று: துணியை விரித்துப் பார்த்து, இது என்ன கறை, எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்வது. எண்ணெய்க்கு ஒரு தொட்டி, துருவுக்கு ஒன்று, ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், மைக்குக் கொதிதொட்டி. ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதித் துண்டு, அட்டைப்பெட்டிக் கம்பெனிச் சட்டை என்று எது வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். "கறையக்கா பார்த்தா கறையே பயந்து இறங்கிடும்" என்பாள் இஸ்திரி மேஜையில் நிற்கிற குண்டம்மா.

அவள் மகனுக்கு இருபத்தாறு வயது. அதே அட்டைப்பெட்டிக் கம்பெனியில், பெட்டிமேல் எழுத்து அச்சடிக்கிற மிஷினில் வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் கண் முதலில் போவது அவன் சட்டைக்கு. முழங்கையில் பசை இருந்தால் பசைத் தொட்டிப் பக்கம் போட்டிருக்கிறார்கள். மார்பில் சிவப்பு மை தெறித்திருந்தால் மிஷின் பக்கம். முதுகு முழுக்கத் தூசி என்றால் லோடு ஏற்றியிருக்கிறான்.

"ஏம்மா, வந்தவன் மூஞ்சியப் பாக்க மாட்டியா? எப்பப் பாரு சட்டையவே பாத்துக்கிட்டு!"

"மூஞ்சி பொய் சொல்லும்டா. சட்டை சொல்லாது."

சனிக்கிழமை அவன் வரவில்லை. ஆறு மணி ஆனது, ஏழு ஆனது. போன் போட்டால் 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றது. கூட்டாளிகளோடு எங்காவது போயிருப்பான் என்று மனசைத் தட்டிக் கொடுத்தாள். ஆனால் அவன் அப்படிப் போகிறவன் இல்லை. கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வருவதற்கே போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை சொல்கிற பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் போய் நின்றாள். லீவு நாள். காவலாளி கதவைத் திறக்காமல், கம்பி இடுக்கு வழியாகவே பேசினார்.

"அஞ்சு மணிக்குப் போயிட்டாரும்மா. நோட்டுல கையெழுத்து இருக்கு."

"நீங்க பாத்தீங்களா அண்ணே, போனத?"

"நோட்டு சொல்லுதே."

"நோட்டக் கேக்கல. உங்களக் கேக்குறேன்."

அவர் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு நேத்து மத்தியானத்தோட ஷிப்ட் முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். 

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். கண்ணாடி போட்ட போலீஸ்காரர் ஒருவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"வயசு?"

"இருபத்தாறுங்க."

"கல்யாணம்?"

"இன்னும் இல்லைங்க."

"அப்புறம் என்னம்மா? வயசுப் பையன். எங்கயாவது மனசு ஒட்டியிருக்கும். ரெண்டு நாள் பொறுங்க, தானா வந்து நிப்பான். வந்ததும் அடிச்சுக்கிடிச்சு வைக்காதீங்க."

எழுதிக் கொடுத்ததை வாங்கி ஒரு கட்டுக்கு அடியில் செருகினார். கிணற்றில் கல்லைப் போட்டால் சத்தமாவது கேட்கும். இதில் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாதே என்றாள் குண்டம்மா, போனில். ஆனால் திங்கட்கிழமைதான் கம்பெனிச் சட்டை மூட்டை வருகிற நாள். அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. ஒவ்வொரு சட்டையின் கழுத்துப்பட்டிக்கு உள்ளேயும் ஒரு துணி நம்பர் தைத்திருக்கும். மகனுடையது முப்பத்தொன்று. அவனுக்கு இரண்டு சட்டை. ஒன்று வீட்டு ஆணியில் தொங்குகிறது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டுதான் சனிக்கிழமை போனான். அது மூட்டையில் வந்தால், கம்பெனியில் சட்டை மாற்றிக்கொண்டு வேறெங்கோ போயிருக்கிறான் என்று பொருள். வராவிட்டால், இன்னும் அதைப் போட்டுக்கொண்டே எங்கோ இருக்கிறான். எங்கோ இருக்கிறான் என்பதே அவளுக்குப் போதும்.

சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், சட்டையைப் பார்க்காதே, நம்பரைப் பார் என்பது. நாற்பது ஐம்பது சட்டையும் ஒரே சாம்பல் நிறம். மேலாகப் பார்த்து இது யாருடையது என்று சொல்ல முடியாது. அதனால் கை தானாகக் கழுத்துப்பட்டிக்குப் போகும், விரல் புரட்டும், கண் நம்பரைப் படிக்கும், அவ்வளவுதான். அன்றைக்கும் அவள் அப்படித்தான் செய்தாள். நான்கு. பதினேழு. இருபத்தொன்பது. முப்பது. விரல் ஒவ்வொரு முறையும் நின்று, மறுபடி ஓடியது. முப்பத்திரண்டு. நாற்பது.

மூட்டையின் அடியில் ஒரு சட்டை உருண்டையாகச் சுருட்டிக் கிடந்தது. கழுத்துப்பட்டியைப் புரட்டினாள். நம்பர் இல்லை. பிய்ந்த நூல் நுனி மட்டும் இருந்தது.

"அநாதை ஒண்ணு" என்றாள் வழக்கம்போல. நம்பர் இல்லாமல் வருகிற சட்டைக்கு அங்கே அதுதான் பேர்.

"என்ன கறை?" என்று கொதிதொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது.

சுருட்டலுக்கு வெளியே தெரிந்த இடமெல்லாம் காய்ந்து கறுத்த சிவப்பு. அந்தக் கம்பெனியிலிருந்து வருகிற சிவப்பெல்லாம் மைதான். இருபத்திரண்டு வருஷமாக மைதான். பிரித்துப் பார்க்காமலே சொன்னாள்.

"மை. கொதியில போடு."

மூட்டை காலியானது. முப்பத்தொன்று இல்லை. அவள் சுவரில் சாய்ந்து, கைகளை மடியில் துடைத்துக்கொண்டு, 'போட்டுக்கிட்டுத்தான் இருக்கான்' என்று தனக்குள்ளேயே சொன்னாள். இரண்டு நாளில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை. இஸ்திரி மேஜையிலிருந்து குண்டம்மா கூப்பிட்டாள்.

"கறையக்கா, இங்க வா. உன் கைக்கே ஒண்ணு டிமிக்கி குடுத்திருக்கு! கொதியில போட்டு எடுத்தும் போகல. அதுவுமில்லாம எவனோ சட்டைக் கைய நீளமாக் கிழிச்சு வச்சிருக்கான்."

அவள் போய்ப் பார்த்தாள். மேஜைமேல் விரித்துக் கிடந்தது அந்த அநாதைச் சட்டை. மார்பிலிருந்து வலது கைவரை பெரிய பழுப்புத் திட்டு. வெந்நீரில் மை கரையும், இது கரையவில்லை. வேக வேக இறுகியிருந்தது. வெந்நீரில் இறுகுகிற கறை ஒன்றே ஒன்றுதான் என்பதை அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

வலது கை மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை நேராகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவு கழுத்துப்பட்டியைத் தாண்டிய இடத்தில்தான் நம்பர் பிய்ந்துபோயிருந்தது. கையின் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுத் துணி. கம்பெனி கொடுக்கிற சட்டைக் கை அவனுக்கு எட்டாது. எல்லாருக்கும் மணிக்கட்டில் நிற்பது அவனுக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிடும் என்று, அவள்தான் தன் பழைய பாவாடையிலிருந்து வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள். தையலைத் தொட்டாள். அவள் போட்ட தையல்.

"அக்கா?" என்றாள் குண்டம்மா. அதற்குள் அவளுக்கே புரிந்து, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நானே கொதியில போட்டேன்" என்றாள் கறையக்கா. "என் கையாலயே. பிரிச்சுக்கூடப் பாக்கல."

 கொதிதொட்டி கொடகொட என்று கொதித்துக்கொண்டிருந்தது.

சலவைக் கூடத்து முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். அவர் முகமும் வெளிறியிருந்தது.

"காலைல கம்பெனி சூப்பர்வைசர் போன் பண்ணாரு. கிழிஞ்ச சட்டை ஒண்ணு தப்பா மூட்டையில வந்திருச்சாம். துவைச்சாலும் சரி துவைக்காட்டியும் சரி, உடனே ஆள் அனுப்புறேன்னாரு. நான்... கிடைச்சா எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"கிழிஞ்ச சட்டைக்கு எதுக்குங்க ஆள் அனுப்புறாங்க?"

முதலாளி மேஜையைக் காட்டினார். "அத வச்சிட்டுப் போம்மா. நமக்கு எதுக்கு வம்பு. பையன் நல்லாத்தான் இருப்பான்."

"நல்லா இருந்தா சட்டை எதுக்குங்க அவங்களுக்கு?" என்று கேட்டது குண்டம்மா. சட்டையை எடுத்து, ஒரு விடுதித் துண்டில் சுற்றி, கறையக்காவின் கையில் திணித்தாள். "பின்பக்கமாப் போ. முன்பக்கம் வண்டிச் சத்தம் கேக்குது."

கண்ணாடிப் போலீஸ்காரர் அன்றைக்கும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். துண்டைப் பிரித்து மேஜைமேல் விரித்ததும் மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"மைம்மா இது. பாத்தாலே தெரியுது."

"மை வெந்நியில போகுங்க. ரத்தம் வெந்நியில போகாது. முட்டை வெந்துட்டா மறுபடி ஒழுகுமா? அது மாதிரி, வெந்துடுச்சு. நான் பச்சைத் தண்ணில போட்டிருந்தா இன்னைக்கு இங்க ஒண்ணுமே இருந்திருக்காது." அவள் பழுப்புத் திட்டின்மேல் விரலை வைத்தாள்.  "இருபத்திரண்டு வருஷத்துல நான் பண்ண ஒரே தப்பு சார் இது. அதுதான் இதைக் காப்பாத்தி வச்சிருக்கு."

அவர் சட்டையைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பிளவு? சண்டையில கிழிஞ்சிருக்கும்."

"கிழிஞ்சா இழை பிரிஞ்சு தொங்கும். இது கத்திரி. ஆஸ்பத்திரி மூட்டையில வாரத்துக்கு நாலு இப்படி வரும். அடிபட்டவங்களுக்குக் கையத் தூக்கிச் சட்டையக் கழட்ட முடியாதுன்னு வெட்டி எடுப்பாங்க." இந்த இடத்தில் அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். வழி முழுக்க அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்த ஒரே கயிறு இதுதான். "உயிர் போனவனுக்கு யாரும் இவ்வளவு நேராப் பொறுமையா வெட்ட மாட்டாங்க சார். வெட்டுறப்ப அவன் உயிரோடதான் இருந்தான். யாரோ கட்டுப் போட்டிருக்காங்க. எங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவர் ஞாயிற்றுக்கிழமைக் கட்டை இழுத்து, அடியிலிருந்து அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை உருவி மேலே வைத்தார். போனை எடுத்தார். ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று. எங்கும் இல்லை. நான்காவதாக யாரிடமோ, "அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குன்னு வழக்கமா வைத்தியம் பாக்குறது யாருய்யா?" என்று கேட்டார். பதில் வந்ததும் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"ஜீப்புல ஏறுங்கம்மா."

அரைமணி தூரத்தில், மரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில், பலகை இல்லாத ஒரு மாடிக் கட்டடம். கீழே மருந்துக் கடை, மேலே நான்கு அறை. மாடியில் ஒரு மேஜைக்குப் பின்னால் நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். போலீஸ்காரர் கேட்ட எல்லாவற்றுக்கும் "அப்படி யாரும் இல்ல சார்" என்றாள். மூன்றாவது தரம் சொல்லும்போது குரல் தேய்ந்துவிட்டது.

கறையக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏம்மா, உனக்கு வீட்டுல அம்மா இருக்காங்களா?"

நர்ஸ் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நீ ரெண்டு நாள் வீட்டுக்குப் போகலன்னா அவங்க எங்கெங்க போய்க் கேப்பாங்க? அந்த மாதிரிதாம்மா நானும் கேக்குறேன். திட்ட வரல. உன்ன மாட்டிவிட வரல. இருக்கானா, இல்லையா?"

அந்தப் பெண் மாடிப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, மளமளவென்று சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தார்கள். மிஷினில் கை மாட்டியிருக்கிறது. வேறு பேரில் பதியச் சொன்னார்கள். வெட்டி எடுத்த சட்டையைச் சுருட்டி அவர்களே கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஷினைச் சுற்றி இருக்க வேண்டிய இரும்பு வலையை வேகத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்களாம், வெளியே தெரிந்தால் கம்பெனியை மூடிவிடுவார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று டாக்டர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல்.

"இப்ப எந்த ரூம்?" என்றாள் கறையக்கா. கால் ஏற்கெனவே அறைகளை நோக்கித் திரும்பிவிட்டது.

"இல்லம்மா. கொஞ்சம் முன்னாடிதான் சூப்பர்வைசர் சார் வந்தாரு. சட்டை யார் கைக்கோ போயிடுச்சுன்னு போன்ல கத்திக்கிட்டே வந்தாரு. வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு எனக்குச் சொல்லல."

போலீஸ்காரர் வேன் நம்பரைக் கேட்டார், நிறத்தைக் கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார். வயர்லெஸ்ஸில் கத்தினார். அதில் ஒன்றும் கறையக்காவின் காதில் விழவில்லை.

"பேசினானா?" என்றாள்.

"பேசினாரும்மா. அம்மாவுக்கு ஒரு போன் போடணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. போன அவங்க வாங்கி வச்சிக்கிட்டாங்க. ஏத்தும்போது..." நர்ஸ் நிறுத்தினாள்.

"சொல்லும்மா."

"ஏத்தும்போது பேசல. கூப்பிட்டுப் பாத்தேன். கண்ணு திறக்கல."

கறையக்கா மாடியிலிருந்து இறங்கினாள். வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. தெரு இரண்டு பக்கமும் காலியாக நீண்டு கிடந்தது.

"வேன் எந்தப் பக்கம் போச்சு?" என்று டயர் கடைக்காரரைக் கேட்டாள். அவர் கையில் இருந்த ஸ்பேனரால் இடது பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. அந்தப் பக்கம் ஊரே இல்லை. கல் குவாரியும் ஏரிக்கரையும்தான்.

போலீஸ்காரர் இன்னும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே படியிறங்கி வந்தபோது, அவள் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இங்கயே இருங்கம்மா. நாங்க பாத்துக்குறோம்."

"வண்டிய எடுங்க" என்றாள்.

அவர் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு ஏறினார். வண்டி இடது பக்கம் திரும்பியது.