ஆரூடம் வேண்டாம்

எங்கள் கட்டடத்து லிப்ட் மெக்கானிக் ஆரூடம் சொல்கிறார் என்று ஏழாம் மாடிவரை பேச்சு. மூன்றாம் நம்பர் லிப்டின் கயிறு அறுந்துபோகும் என்று முன்கூட்டியே சொன்னாராம், அப்படியே அறுந்ததாம். மகளுக்குக் கல்யாணம் எப்போது கூடிவரும் என்று கேட்கக் கணக்குப் பிரிவு அம்மாள் அரைநாள் லீவே போட்டுவிட்டார். எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. அது எதற்கு உங்களுக்கு? விசாரிக்கிற சாக்கில் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனேன்.

"கையை நீட்டாதீங்க சார், ரேகையெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் முதல் வேலையாக.

"அப்போ எப்படிச் சொன்னீங்க?"

பழைய பனியன் துணியை இரும்புக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிப்டை மெதுவாக ஓட்டினார். துணி வழுக்கிக்கொண்டே போயிற்று.

"இது புதுக் கயிறு. கம்பி அறுந்திருந்தா நூலைப் பிடிச்சு இழுக்கும். பழசு பதினோரு இடத்துல இழுத்துச்சு. எண்ணினேன், எழுதினேன். அவ்வளவுதான் என் சக்தி."

பதிவேட்டைக் காட்டினார். 'மூன்றாம் நம்பர். பதினோரு இடத்தில் கம்பி அறுந்துள்ளது. மாதக் கடைசிக்குள் மாற்றாவிட்டால் கயிறு அறுந்துவிடும்.' பக்கத்திலேயே மேனேஜர், சிவப்பு மையில்: 'ஆரூடம் வேண்டாம்.'

மாதம் முடிந்த மறுநாள் ஒரு கயிறு அறுந்தது. லிப்ட் குலுங்கி நின்றது. உள்ளே தண்ணீர் வாளியோடு மெக்கானிக்கின் அண்ணி. அவருக்கு இங்கே துப்புரவு வேலை வாங்கிக்கொடுத்ததே இவர்தான். விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டி, சிவப்பைப் படித்துச் சிரித்தார்களாம். "பலிச்சிடுச்சே, பெரிய ஆளுய்யா நீ!" என்று முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வதந்தி பிறந்தது அங்கேதான்.

"ஆரூடம்னு பேர் வெச்சுட்டா, நடந்தது விதியாயிடுது சார். கயிறு மாத்தாதவன்னு ஒருத்தனும் இல்லாமப் போயிடறான். எங்கண்ணி கேக்கறாங்க, 'முன்னாடியே தெரியும்னா என்னை ஏன் தம்பி அதுல ஏறவிட்டே?'ன்னு."

துணியை நாலாக மடித்தார்.

"எழுதிட்டோம், மாத்திடுவாங்கன்னு இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா மேனேஜர் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடிச்சுக் கையெழுத்துப் போட்டா, அண்ணிகிட்ட கொண்டுபோய்க் காட்டுவேன். நான் குறி சொல்லல, மாத்தச் சொன்னேன்."

என் கேள்வியை நான் கேட்கவில்லை. மேனேஜரிடம் இறங்கிப் போனேன்.

"அடிச்சுத் தரேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேனே, ஓடியா போறேன்? சிவப்புப் பேனா தீர்ந்துபோச்சு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, என் புரமோஷனைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

மறுநாளே சிவப்புப் பேனா ஒன்று வாங்கி அவர் மேஜைமேல் வைத்தேன். ஐந்து வாரமாயிற்று. அந்தப் பேனாவால் என்னென்னவோ எழுதுகிறார். அந்த ஒரு கோடு மட்டும் இன்னும் பாக்கி.