அக்கா ஏற்றிய கூலி

பள்ளியில் அவருக்கு 'டிமாண்ட் சார்' என்று பெயர். பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுப்பவர். எதைக் கேட்டாலும் "முதல்ல டிமாண்ட் என்னன்னு பாரு" என்றே தொடங்குவார். பையன்கள் சும்மா விடுவார்களா?

பள்ளிக்குப் பின்தெருவில் அவருடைய அக்கா தையல் கடை வைத்திருந்தாள். கணவர் போன பிறகு ஒரு மெஷினோடு உட்கார்ந்தவள், அதை மூன்றாக்கி, தம்பியையும் படிக்கவைத்தாள். அந்த வட்டாரத்தில் சீருடை தைக்க அவள் ஒருத்திதான். வளர்கிற பிள்ளைகள் என்று ஓரத்தில் இரண்டு விரல் துணி கூடுதலாக மடித்துத் தைப்பாள். அளவெடுக்க வரும் தாய்மார்கள் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசாமல் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிமாண்ட் சார் அந்தக் கடையிலேயே பாடம் எடுத்தார். விலை ஏறினால் யாராவது உப்பில்லாமல் சமைக்கிறார்களா? உப்புக்கு மாற்று கிடையாது. சீருடையும் அப்படித்தான், கூலியை ஒன்றரை மடங்கு ஆக்கினாலும் ஒரு ஆள் குறையாது என்றார்.

அக்கா தயங்கினாள். "ரெண்டு மூணு பிள்ளைங்க இருக்கிற வீடு என்னடா பண்ணும்?"

"நீ தர்மத்துக்கா கடை வச்சிருக்க?"

அக்கா கூலியை ஏற்றினாள். அந்த ஆண்டு அவர் சொன்னபடியே நடந்தது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் வந்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் சொல்லாமல் வகுப்பிலும் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

மறு ஆண்டு பெற்றோர் ஒன்றுகூடித் தலைமையாசிரியரிடம் போனார்கள். தலைமையாசிரியர் ஏற்பாட்டில் பள்ளி வாசலுக்கு எதிரிலேயே ரெடிமேட் சீருடைக் கடை வந்தது. தோள் ஒரு பக்கம் தொங்கினாலும் விலை பாதி. அக்கா பழைய கூலிக்கே இறங்கிப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போயின, கடைசியில் கடையும் போயிற்று. பிழைப்புக்கு அதே ரெடிமேட் கடையின் பின்னறையில், நீளம் குறைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவகாசம் கிடைத்தால் வாங்குகிறவர்கள் மாற்று வழி தேடிக்கொள்வார்கள் என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது. பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

நான்கு ஆண்டுகள் அந்தப் பேச்சையே எடுக்காமல் ஓட்டினார். பிறகு ஒரு மதிய இடைவேளையில் பின்னறைக்குப் போய் நின்றார்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்க்கா."

அவள் பாவாடை விளிம்பைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ சொன்னதுக்காக மட்டும் ஏத்தலடா. எனக்கும் ஆசை வந்துச்சு." பிரித்த நூலை உருவிப் போட்டுவிட்டு, "கடை போனதுகூடப் பரவாயில்ல. அந்தப் பொம்பளைங்க என்கிட்ட பேசறதில்ல பாரு, அதுதான் தாங்கல" என்றாள்.

வணிகத்தின் நற்பெயரைப் பணமாக மதிப்பிடும் முறைகூடத் தெரிந்தவர், குனிந்து தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கத் தொடங்கினார். முன்பக்கம் ஒரு தாயின் குரல் கேட்டது. மகனுடைய கால்சட்டையைக் குறைக்க வேண்டுமாம். அக்கா சட்டென்று எழுந்து கதவருகே போனாள். அந்தப் பெண் துணியைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, உள்ளே பார்க்காமலே படியிறங்கினாள்.